ஐந்து வயது முடிந்தால் குழந்தை அப்பாவுக்குப் போய்விடுமா? முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடும் முன்...

கேள்வி: கணவரைப் பிரிந்து 14 மாதமாகக் கும்பகோணத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு வரும் தை மாதம் 5 வயது முடிகிறது. கணவர் கோவையில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். 8 மாதமாகப் பணம் அனுப்பவில்லை. ஊர்த் திருவிழாவுக்கென்று மகளை அழைத்துப் போனவர் சொன்ன நாளைவிட 2 நாள் கழித்துத்தான் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு நான் குழந்தையைக் காட்டவில்லை. "5 வயது முடிந்தால் சட்டப்படி குழந்தை எனக்குத்தான்" என்கிறார். இரண்டு பேரிடமும் வழக்கு எதுவும் இல்லை. கோர்ட் வாசலில் அறிமுகமான ஒருவர், "குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும், பதிலுக்கு ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன் என்று முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி போட்டு முடித்துத் தருகிறேன், 20,000 ரூபாய் ஆகும்" என்கிறார். நிம்மதி கிடைத்தால் போதும் என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த 20,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள். அந்தத் தாளால் உங்கள் கணவர் குழந்தையைக் கேட்பதைத் தடுக்க முடியாது. உங்கள் மகளுக்கு வரவேண்டிய பணத்தைத் தள்ளிப்போட மட்டும்தான் அது உதவும்.

முதலில் அந்த 5 வயதுக் கணக்கு. இந்தப் பயத்தை வைத்து எத்தனை பெண்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்! 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். 5 முடிந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படை என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 13-வது பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. அப்பாதான் முதல் காப்பாளர், அவருக்குப் பிறகே அம்மா என்று வாதாடுவார்கள். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: தகப்பன் உயிரோடு இருக்கும்போதும், அவர் குழந்தையின் பொறுப்பில் இல்லாத நிலையில், தாய் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம்.

நீதிபதி பார்ப்பது வேறு. இத்தனை நாள் குழந்தையை வளர்த்தது யார், பள்ளிக்கூடம் எங்கே, காய்ச்சல் வந்தால் யார் கவனிக்கிறார்கள், இருக்கும் இடத்திலிருந்து பிடுங்கினால் குழந்தை என்ன ஆகும், இவைதான். அப்பாவுக்குச் சம்பளம் அதிகம் என்பதற்காகக் குழந்தை கை மாறாது. சம்பளம் அதிகமென்றால் கொடுக்கவேண்டிய தொகை அதிகமாகும்.

இப்போது அந்த முத்திரைத் தாளுக்கு வருவோம். நோட்டரி முத்திரை சொல்வதெல்லாம் கையெழுத்து உங்களுடையது என்பதை மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது சட்டப்படி செல்லுமா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஜீவனாம்சம் உங்கள் மகளுடைய உரிமை. அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது. நாளைக்கு மனுப் போட்டால் நீதிமன்றம் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு மகளுக்குத் தொகை நிர்ணயிக்கும். ஆனால் அதற்குள் எதிர்த்தரப்பு அந்தத் தாளைக் காட்டியே பல வாய்தாக்களை ஓட்டிவிடும். "இவரே எழுதிக் கொடுத்தார், இப்போது பேராசையில் வருகிறார்" என்று உங்கள் பெயரையும் கெடுப்பார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட தாள்களில் நடுவே ஒரு வரியாக "இருவரும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம், இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று சேர்த்துவிடுவார்கள். அதை விடுதலைப் பத்திரம் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு கல்யாணம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். பழக்கவழக்கப்படியே மணமுறிவு உண்டு என்று நிரூபிக்கப்பட்ட சில சமூகங்களை விட்டால், நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் இந்துத் திருமணம் முறியாது. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள், அசல் பிறப்புச் சான்றிதழை "வேலைக்கு வேண்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் அதைத் திருப்பித் தர ஒரு தொகை கேட்பார்கள். கோர்ட் வளாகத்தில் நடமாடுகிறார் என்பதால் ஒருவர் வக்கீல் ஆகிவிட மாட்டார். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"அப்படியானால் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு முடிப்பதே தப்பா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். தப்பில்லை. ஒரே ஒரு வழியில் அது சரி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழியைக் காட்டித்தான் தரகர்கள் தங்கள் தாளையும் அதே மாதிரி என்று நம்பவைக்கிறார்கள். நாளைக்கு நீங்கள் இருவரும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துக் கேட்டு இந்துத் திருமணச் சட்டம் 13-பி பிரிவில் மனுச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அப்போது ஒரு மொத்தத் தொகை பேசலாம். ஆனால் உங்களுக்கான தொகை தனி, மகளுக்கான தொகை தனி என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதியிருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற வரிக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. மகளுக்கான பங்கு வங்கியில் அவள் பெயரில் 18 வயது வரை வைப்புத் தொகையாகப் போடப்பட்டு, வட்டி மட்டும் அவள் செலவுக்கு உங்கள் கைக்கு வரும்படி கேளுங்கள். குழந்தை யாரிடம், அப்பா எந்தெந்த நாளில் பார்க்கலாம் என்பதும் அதிலேயே வரவேண்டும். இவையெல்லாம் தீர்ப்பில் ஏற வேண்டும், வெளியே பேசி வைத்துக்கொண்டது கணக்கில் சேராது. பணம் வரைவோலையாகவோ வங்கிக் கணக்கிலோ வந்த பிறகே கடைசி வாக்குமூலம் கொடுங்கள், "அடுத்த வாரம் தருகிறேன்" என்பதை நம்பிக் கொடுக்காதீர்கள். இத்தனையும் செய்த பிறகும், பிற்பாடு மகளுக்குப் பெரிய மருத்துவச் செலவோ படிப்புச் செலவோ வந்தால் அவள் சார்பில் மீண்டும் கேட்கும் வழி அடைபடாது. கோர்ட் வாசலில் எழுதும் தாளுக்கு இந்தப் பாதுகாப்பு ஒன்றுகூட இல்லை.

சரி, உடனே செய்ய வேண்டியது என்ன? மகளுக்கும் உங்களுக்கும் சேர்த்து ஜீவனாம்ச மனு. ஊரெல்லாம் இன்னும் "125 கேஸ்" என்றுதான் சொல்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் பகுதிக்குக் குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில். முக்கிய மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் அன்றே சேர்த்துப் போடுங்கள். அது இல்லாமல் வெறும் முக்கிய மனுவைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெண்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

ஒவ்வொரு மாதமும் ஏன் முக்கியம் தெரியுமா? ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று சொன்னது. நீங்கள் மனுவே போடாமல் போன இந்த 8 மாதம் அந்தக் கணக்கில் வராது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மகளுக்கு நஷ்டம். அதே தீர்ப்பின்படி இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். "வேலையை விட்டுவிட்டேன்" என்கிற கணவரிடம் அந்தப் பத்திரத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டுப் பிடிவாதமாக நிற்கச் சொல்லுங்கள் உங்கள் வக்கீலை. பாதிப் பேர் அரைகுறையாக நிரப்பிக் கொடுக்கிறார்கள், அதைக் கேள்வி கேட்க யாருக்கும் நேரம் இல்லை. சம்பளத்தில் கால் பங்கு கட்டாயம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி நிலையான சூத்திரம் கிடையாது. மகளின் செலவு, அவர் வசதி, உங்கள் வருமானம் மூன்றையும் பார்த்துத்தான் தொகை வரும். நீங்கள் வேலைக்குப் போனாலும் மகளுக்கு அவர் கொடுக்கவேண்டியது ஒழியாது.

இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடப்பது என்ன? அறிவிப்பு "வீடு பூட்டியிருக்கிறது" என்று திரும்பி வரும். மறுபடி அனுப்ப ஒரு வாய்தா. ஆள் வந்தால் வக்கீல் வைக்க ஒரு வாய்தா, பதில் மனுவுக்கு இரண்டு, அப்புறம் ஆலோசகரிடம் பேச்சு, நடுவில் நீதிபதி மாற்றல். பால் வாங்கப் பணம் இல்லை என்று வரும் பெண்ணை மாதத்துக்கு ஒருமுறை அலையவிடும் இந்த முறையை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் செய்யக்கூடியது, அவருடைய வீட்டு முகவரியோடு அலுவலக முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் முதல் மனுவிலேயே கொடுப்பதுதான். பாதித் தாமதம் அங்கேதான் பிறக்கிறது.

உத்தரவு வந்தபின் அவர் கட்டாவிட்டால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: தொகை கட்டவேண்டிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போடாவிட்டால், அந்தப் பாக்கிக்காகப் பிடியாணை கேட்க முடியாது. மூன்று வருடப் பாக்கியைச் சேர்த்துக் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். கட்டாததற்காக அவர் சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீர்ந்துவிடாது.

இனி நீங்கள் கேட்க விரும்பாத ஒன்று. குழந்தையைக் காட்ட மறுப்பதை நிறுத்துங்கள். அவர் பணம் தராதது குழந்தையை மறைக்க நியாயம் ஆகாது, நீங்கள் காட்டாதது பணத்தை நிறுத்த அவருக்கும் நியாயம் ஆகாது. இரண்டும் வேறு வேறு விஷயம். நாளைக்கு நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்று, "அப்பாவைப் பார்க்க விட்டீர்களா?" என்பதுதான். அதற்குப் பதில் கையில் இருக்கட்டும். இன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: ஞாயிறு காலை முதல் மாலை வரை கும்பகோணத்திலேயே, உங்கள் வீட்டார் ஒருவர் கூட இருக்க, அவர் மகளைப் பார்க்கலாம்; வாரத்தில் இரண்டு மாலை வீடியோவில் பேசலாம். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே வீடியோ அழைப்பு வழியாகப் பேசும் உரிமையைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. அவர் வராவிட்டால் அதுவும் பதிவாகும். அடி உதை, குடி, குழந்தைக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் மட்டும் பேச்சு வேறு. அப்போதும் நீங்களே கதவைச் சாத்தாமல், கண்காணிப்பில் மட்டும் சந்திக்க உத்தரவு கேளுங்கள். மகளிடம் அப்பாவைப் பற்றிக் கெட்டதாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுத்த வார்த்தை குழந்தையின் வாயிலிருந்து வரும்போது நீதிபதிக்குத் தெரிந்துவிடும்.

திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வாரோ என்ற உங்கள் பயம் நியாயமானது. உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் போலீசுக்குப் போனால், "அவரும் பெற்ற தகப்பன்தானே" என்று அனுப்பிவிடுவார்கள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது, ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கிடையாது. அதனால் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் ஒரு மனுவும், வழக்கு முடியும் வரை மகளை உங்களிடமிருந்து கொண்டுபோகக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள். "குழந்தைதான் உங்களிடம் இருக்கிறதே, எதற்கு மனு?" என்று சில வக்கீல்களே கேட்பார்கள். குழந்தை உங்களிடம் இருக்கும்போது போட்டால்தான் பயன். கோவைக்குப் போன பிறகு போட்டால் மாதக்கணக்கில் ஓடும், அதற்குள் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு "இங்கே பழகிவிட்டாள்" என்பார்கள்.

வக்கீல் செலவுக்குப் பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு அல்லது பத்திரிகையும் படங்களும், பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் சீட்டுகள், பணம் வந்ததும் நின்றதும் தெரியும் உங்கள் வங்கிக் கணக்கு, அவர் அனுப்பிய செய்திகள், எல்லாவற்றிலும் நகல் எடுத்துப் போங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். ஒதுக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பணம் கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமல் இழுத்தடித்தாலோ, மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீலை மாற்றித் தரச் சொல்லுங்கள்.