நடுவயதுக் குழந்தை

அன்புள்ள சார்,

நானும் என் மனைவியும் ஆதி என்ற லேப்ரடார் நாயை வளர்க்கிறோம். இரண்டு மாதக் குட்டியாக வந்தவன், இப்போது ஆறு வயது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவனை 'மகனே' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் கட்டிலில்தான் தூங்குவான். நாங்கள் சாப்பிடும்போதெல்லாம் அவனுக்கும் ஒரு வாய் உண்டு. பிறந்தநாளுக்குச் சட்டை, கேக் எல்லாம் நடக்கும்.

போன மாதம் என் தங்கை தன் ஒரு வயது மகளோடு வந்திருந்தாள். குழந்தை ஆதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "பாரு, அண்ணன் எவ்வளவு பொறுமையா இருக்கான்!" என்று சொல்லி மனைவி போட்டோ எடுத்தாள். (இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.) தங்கையின் முகம் மாறிவிட்டது. "அண்ணி, என் பிள்ளையையும் நாயையும் ஒண்ணா வைக்காதீங்க" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அன்றிரவு மனைவி தூங்கவே இல்லை. அதன்பின் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அதே வாரம் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் ஆதியின் எடையைப் பார்த்தார். 44 கிலோ. "பிள்ளை மாதிரி வளர்த்தா இப்படித்தான் ஆகும். நாயை நாயா வளருங்க" என்றார்.

நாயைப் பிள்ளையாக நினைப்பது தவறா? எங்கள் குறையை அவன் தலையில் ஏற்றுகிறோமா? உங்கள் வீட்டிலும் நாய், பூனை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மையான பதில் வேண்டும்.

ச.

அன்புள்ள ச.,

'குறை' விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிள்ளை இல்லாதவர்கள்தான் நாயைப் பிள்ளையாக்கிக்கொள்கிறார்கள் என்று சொல்பவர்கள், மூன்று பிள்ளை பெற்றவர் தன் நாயை 'வாடா கண்ணா' என்று கொஞ்சுவதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளைகள் கடுப்போடு பக்கத்தில் நிற்பார்கள்.

இது இந்தக் காலத்துப் பைத்தியமும் இல்லை. ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசலில் 1914-இல் கல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். ஏறக்குறைய 14,000 ஆண்டுப் பழமை. அந்த நாயின் பற்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அது ஏழு மாதக் குட்டி. சாவதற்கு முன் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் பல வாரம் விழுந்து எழுந்திருக்கிறது. பல் எனாமலில் அதன் தடயம் இருந்தது. அந்த நோய் கண்ட குட்டி வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும். காவலுக்கோ வேட்டைக்கோ ஆகாது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் புகட்டி, அசிங்கத்தைத் துடைத்து, சூடாக வைத்துக்கொள்ளாமல் அத்தனை வாரம் அது தாங்கியிருக்க முடியாது என்பதுதான் ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடம். அந்த யாரோவை நினைத்தால் உங்கள் மனைவிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நாயின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வொர்த் வகுத்த ஒரு சோதனை உண்டு. ஒரு வயதுக் குழந்தையைப் புது அறையில் அம்மாவோடு விடுவார்கள். புது ஆள் வருவார், அம்மா வெளியே போவார், திரும்பி வருவார். அந்தச் சில நிமிடங்களில் குழந்தை அம்மாவை எப்படிப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். புடாபெஸ்டில் 51 நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் வைத்து இதையே செய்து பார்த்து 1998-இல் எழுதினார்கள். வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் நாய் தைரியமாக அறையைச் சுற்றிப் பார்த்தது, விளையாடியது. அவர் போனதும் கதவடியில் போய் நின்றது. வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. 2019-இல் பூனைக்குட்டிகளிடம் செய்தபோதுகூட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்படித்தான் நடந்துகொண்டன. (எங்கள் வீட்டுப் பூனை மிச்ச ஒரு பங்கில் சேர்த்தி.)

அதனால் 'மகனே' என்று கூப்பிடுங்கள். கட்டிலில் படுக்க விடுங்கள். இப்படிச் செல்லம் கொடுப்பதால்தான் நாய் கெட்டுப்போகிறது என்ற பேச்சைக்கூட 1992-இல் எழுநூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுச் சோதித்துவிட்டார்கள். செல்லத்துக்கும் நடத்தைக் கோளாறுக்கும் தொடர்பு தெரியவில்லை.

சரி, போட்டோவுக்கு வருகிறேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தையின் இரண்டு கையும் ஆதியின் கழுத்தில் இருக்கின்றன. அவன் முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. கண் மட்டும் குழந்தை மேல் இருப்பதால் ஓரத்தில் வெள்ளை விழி பிறை மாதிரி தெரிகிறது. காது பின்னால் ஒட்டிக்கிடக்கிறது. வாய் மூடியிருக்கிறது, நாக்கின் நுனி மட்டும் வெளியே வந்து மூக்கைத் தொடுகிறது. உங்கள் மனைவி இதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். நாயோடு பழகியவர் யாரிடமாவது காட்டுங்கள். 'என்னை விடச் சொல்லுங்கள்' என்று ஒரே நேரத்தில் நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இதற்கு அடுத்தது உறுமல். அதையும் யாரும் காதில் வாங்காவிட்டால் அப்புறம் பல். சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் பழகிய நாய்தான், கடி விழுவதும் முகத்திலும் கழுத்திலும்தான். உங்கள் தங்கை என்ன நினைத்துத் தூக்கிக்கொண்டு போனாரோ தெரியாது, தூக்கிக்கொண்டு போனது சரி.

அங்கே படுத்திருந்தது 'அண்ணன்' என்பதால்தான் வீட்டில் யாருக்கும் நாய் தென்படவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். பெயர் வைப்பதிலும் கொஞ்சுவதிலும் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவன் முகத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல், நம் பிள்ளை என்றால் இப்படித்தான் இருப்பான் என்று நாமே எழுதி வாசிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

நானும் வாசித்திருக்கிறேன். ஒருநாள் கூடத்துக் கம்பளத்தில் வாந்தி. நாயைக் கூப்பிட்டு, "யார் செஞ்சது இது?" என்றேன். தலையைத் தொங்கப்போட்டான். காதை மடக்கி, வாலைக் காலிடையில் செருகிக்கொண்டு, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தான். ஒப்புதல் வாக்குமூலமேதான். ஆசை தீரத் திட்டினேன். துணியோடு துடைக்கக் குனிந்தால், வாந்தி முழுக்கப் பூனை முடி. விரல் நீளத்துக்கு உருண்டு திரண்ட பூனை முடி. குற்றவாளி அலமாரி மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

நாய்களின் மனத்தை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதை 14 நாய்களிடம் முறையாகச் செய்து பார்த்து 2009-இல் எழுதினார். தின்பண்டத்தை வைத்து 'தொடாதே' என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போகவேண்டும். திரும்பும்போது நாய் தின்றதா இல்லையா என்று சொல்லப்படும். அது சிலசமயம் வேண்டுமென்றே சொல்லும் பொய். அந்தக் 'குற்ற முகம்' திட்டு வாங்கியபோதுதான் வந்தது, தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. தின்னாமல் இருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. அது நம் கோபத்தைக் கண்டு பணிவதுதான். பிள்ளையாக நினைக்கும்போது கொஞ்சல் மட்டும் வருவதில்லை பாருங்கள். 'வேணும்னே செய்யறான்', 'பழிவாங்கறான்' என்ற கோபமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

இன்னொன்று. ஆதி எந்தக் கணக்கில் குழந்தை? ஆறு வயது லேப்ரடார் நடுவயதுக்காரன். பிடித்த ஆள், பிடிக்காத சத்தம், படுக்க ஒரு மூலை என்று எல்லாம் படிந்துபோன வளர்ந்த ஆள். நம் கண்ணுக்கு அவன் வளரவே மாட்டேன் என்கிறான் என்றால் முகம் ஒரு காரணம். அகன்ற நெற்றி, பெரிய கண், உருண்டைக் கன்னம் ஆகியவற்றைக் கண்டால் நமக்குள் கொஞ்சல் சுரந்துவிடும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-இலேயே எழுதிவிட்டார். புருவத்தின் உட்பக்கத்தைத் தூக்கிக் கண்ணைப் பெரிதாகக் காட்டும் தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்குப் பேருக்குத்தான் இருக்கிறது என்று 2019-இல் காட்டினார்கள்.

அதோடு நிற்காமல், குழந்தை முகம் வேண்டும் என்று நாமே பிரித்தெடுத்து இனப்பெருக்கம் செய்த கதையும் இருக்கிறது. பக், பிரெஞ்சு புல்டாக் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். மூக்கெலும்பைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். உள்ளேயிருக்கும் மென்மையான அண்ணமும் நாக்கும் அதே அளவுக்குச் சுருங்கவில்லை. அவை மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கின்றன. 'தூங்கும்போது அழகாகக் குறட்டை விடுவான்' என்று வளர்ப்பவர் சொல்வார். அந்தக் குறட்டை, மூச்சுக்கு அது படும் பாடு. நாய் வெயிலில் தன் உடலைக் குளிரவைப்பது முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான். அந்த வழியையே பாதி அடைத்துவிட்டு நாம் கன்னத்தைக் கிள்ளுகிறோம்.

அப்புறம் எடை. 'நாயை நாயா வளருங்க' என்பது எனக்குப் பிடிக்காத வாக்கியம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுபவரும் அதையேதான் சொல்கிறார். ஆனால் உங்கள் டாக்டர் 44 கிலோவைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆண் லேப்ரடாருக்கு 36 கிலோவே மேல்வரம்பு மாதிரிதான். பிள்ளை சாப்பிட்டால் வளரும், நடுவயதுக்காரன் சாப்பிட்டால் பெருத்துப்போவான்.

உங்களுக்கென்றே செய்ததுபோல ஓர் ஆய்வு இருக்கிறது. 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். சாகும்வரை இப்படியே. 2002-இல் முடிவு வந்தது. இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய வயது), நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2 ஆண்டு, குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நீங்கள் சாப்பிடும்போதெல்லாம் கொடுக்கும் அந்த ஒரு வாய், ஆதி உங்களோடு இருக்கப்போகும் நாளிலிருந்து எடுத்துக் கொடுப்பது. கேக்கில் சாக்லேட்டோ உலர்திராட்சையோ சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்றோ இருந்தால் ஆயுள் கணக்குவரைகூடப் போகவேண்டாம், மூன்றும் நாய்க்கு விஷம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்கும் பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும். அதை முறையாகச் சிதைக்கும் வழி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை. பாசத்தில் கொடுத்துவிட்டு ஓடிவருபவர்கள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

கம்பளத்தில் திட்டு வாங்கிய நாயைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பதினான்கு வயதில் பின்னங்கால் விழுந்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் நிற்பான், விட்டால் சரிவான். படுத்த இடத்தில் சிறுநீர் போய்விட்டு, அந்த ஈரத்திலிருந்து நகரப் பார்த்து முடியாமல் திரும்பி என்னைப் பார்ப்பான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனி நீங்கதான் சொல்லணும்" என்றார். நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது உயிரை முடிக்கும் ஊசி போடச் சொல்வார்களா என்று வீட்டில் சண்டை போட்டேன். ஒன்பது நாள் ஆனது. கடைசி மூன்று நாள் அவன் தண்ணீரும் குடிக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் எனக்காக இருந்தான்; அவனுக்காக என்று இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். 'பிள்ளை' என்ற சொல் அன்று எனக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம். உங்களுக்கு அந்த நாள் வர இன்னும் பல வருஷம் இருக்கிறது, அதுவும் எடை குறைந்தால்.

உங்கள் வீட்டுப் பிணக்குக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. மனைவி தங்கையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அவர் ஆசையாகச் சொன்ன சொல் அது. ஆனால் அந்தப் போட்டோவை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் நல்லது. கண்ணோரத்து வெள்ளையைக் காட்டுங்கள், நாக்கைக் காட்டுங்கள். அன்றைக்கு அந்த அறையில் அசௌகரியப்பட்டது தங்கை மட்டும் இல்லை என்று மனைவிக்கும் தெரியும், நாயும் தன் கட்சிதான் என்று தங்கைக்கும் தெரியும்.

அடுத்த முறை குழந்தை வரும்போது அம்மா மடியில் இருக்கட்டும். ஆதி தன் மூலையில் இருக்கட்டும். நடுவில் நாலைந்து அடி இடம் விட்டு ஒரு போட்டோ எடுங்கள். அவனாக எழுந்து வந்தால் வரட்டும், அவனாகத் திரும்பிப் போனால் யாரும் கூப்பிடவேண்டாம். அந்தப் போட்டோவையும் அனுப்புங்கள். எத்தனை கிலோ என்றும் எழுதுங்கள்.