நன்றாகப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் வேண்டுமென்றே பின்வாங்குவது ஏன்? வெற்றியைக் கண்டு பயம் என்று ஒன்று உண்டா?

உண்டு. நானே அப்படி இருந்தவள். நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்த தங்கை திடீரென்று மந்தமாகிவிட்டாள் போலிருக்கிறது. சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

திருச்சி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. இ.இ.இ., அதாவது எலக்ட்ரிகல் பிரிவு. மூன்றாவது செமஸ்டர் மாடல் எக்ஸாமில் (யுனிவர்சிட்டி பரீட்சைக்கு முன்னால் கல்லூரியே வைக்கும் ஒத்திகைப் பரீட்சை) நான் டிபார்ட்மெண்ட் முதல். துறைத் தலைவர் அறை வாசலில் பெயரை ஒட்டினார்கள். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அத்தை கன்னத்தைக் கிள்ளிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஏன் அண்ணி, இவ இப்படியே படிச்சுட்டுப் போனா, இவளுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைக்கு எங்க போறது? பவுனும் இல்ல கூடும்?" அம்மா சிரித்துச் சமாளித்தார்.

ஹாஸ்டலில் வேறு கதை. சேர்ந்து படித்த தோழிகளிடம் சந்தேகம் கேட்டால், "டாப்பருக்கே சந்தேகமா?" என்பார்கள். கிண்டல்தான். தினமும் கேட்டால் கிண்டலாகவா இருக்கும்?

அடுத்த செமஸ்டர், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்ற பாடத்தில் மாடல் எக்ஸாம். போடே பிளாட் என்ற வரைபடக் கேள்வி, 16 மார்க். படித்தவர்களுக்கு அது அல்வா மாதிரி. டேபிள் போட்டு, சரிவு மாறும் இடங்களில் கோட்டை ஒடித்து வரைந்தால் மார்க் கைக்கு வந்துவிடும். அந்தச் சரிவு மாறும் இடங்களை (கார்னர் ஃப்ரீக்வன்சி) எல்லாம் கண்டுபிடித்து டேபிளையும் முடித்துவிட்டேன். "செமிலாக் ஷீட் யாருக்கு வேணும்?" என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டே வந்தார். போடே பிளாட்டை வரைய வேண்டிய கிராஃப் தாள் அது. நான் கையைத் தூக்கவில்லை. என் டேபிளைப் பார்த்துவிட்டு அவரே ஒரு ஷீட்டை நீட்டினார். "வேண்டாம் சார்" என்றேன்.

அதில் இரண்டாவது இடத்துக்கு இறங்கினேன். மார்க் வந்த அன்று ராத்திரி மெஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

நான் உளவியல் படித்தவள் இல்லை. ஆனால் மட்டீனா ஹார்னர் என்ற உளவியலாளர் 1968-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வைப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. மருத்துவக் கல்லூரியில் முதல் டேர்ம் முடிவில் ஒரு மாணவி வகுப்பிலேயே முதலிடம். இதை வைத்துக் கதை எழுதச் சொன்னார். 90 பெண்களில் 65 சதவீதம் பேரின் கதையில் அந்த முதலிடமே அவளுக்கு வினையாக முடிந்தது. தனிமை, கல்யாணக் கவலை, இப்படி. ஒரு கதையில் அவள் வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்துக்கொண்டு கார்ல் என்பவனைக் கைதூக்கிவிடுகிறாள்! ஆண்களுக்கு அந்த மாணவிக்குப் பதில் ஜான் என்ற மாணவனை வைத்துக் கொடுத்தார். அவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அப்படி எழுதினார்கள்.

ஆனால் பிற்பாடு வேறு சிலர் அந்த மாணவியின் கதையைப் பையன்களிடமே கொடுத்தபோது அவர்களும் கசப்பாகத்தான் எழுதினார்கள். என்னைக் கேட்டால் விஷயமே இதுதான். பெண்ணின் மனதுக்குள் ஏதோ கோளாறு என்று தேட வேண்டியதில்லை. முதலிடம் வந்தால் ஊர் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும், அவள் அதற்குக் கணக்குப் போடுகிறாள். யுனிவர்சிட்டி பரீட்சையில் அதே போடே பிளாட்டை நான் ஒழுங்காக வரைந்தேன். ஏனென்றால் அந்த ரிசல்ட்டை அவரவர் பதிவு எண்ணைப் போட்டுத்தான் பார்ப்போம், வாசலில் ஒட்ட மாட்டார்கள்.

"அப்போ அரியர் வைக்கிறவன் எல்லாம் இனி இதையே சொல்லுவான்" என்று யாராவது கிளம்பி வருவார்கள். அரியர் முக்கால்வாசியும் படிக்காததால் வருவதுதான், நான் அதைச் சொல்லவில்லை. பையன்களுக்கு இது வராது என்றும் சொல்லவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி, வேலை கிடைத்த மறுநாளே மொத்தக் கடனும் தன் தலையில் என்று தெரிந்தவன், இன்டர்வியூவில் திக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

   

உங்கள் தங்கையிடம் "ஏன் படிக்கலை?" என்று கேட்காதீர்கள். போன தடவை நல்ல மார்க் வாங்கியபோது யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அப்புறம், அவள் மார்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அம்மாவையும் போட விடாதீர்கள்.