வாசகர் கேள்வி: துரை கொடுத்த துவக்கு எந்தக் காலத்தது?

கேள்வி: எங்கள் பூட்டன் துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். பெரிய துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த லீவர் துவக்கு (லீவரை அசைத்து ரவை ஏற்றும் துப்பாக்கி) ஒன்று வீட்டில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் அப்பாவின் பெயரில் உண்டு. மேலே ‘மொடல் 1873’ என்று வெட்டியிருக்கிறது. குழல் எட்டுப்பட்டை. தொடரிலக்கம் 5 இலட்சத்தைத் தாண்டுகிறது. கோப்பிக் காலத்துத் துவக்கு, கிடைத்தற்கரியது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: 1873 என்பது அந்த வகையின் பெயர். உங்கள் துவக்கு செய்யப்பட்ட ஆண்டு அதுவல்ல. அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பனி இந்த வகையை 1920கள் வரை, 7 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் செய்து தள்ளியது. 5 இலட்சத்தைத் தாண்டிய இலக்கம் என்றால் 1890களின் நடுப்பகுதிக்கு முன்னால் போகாது. மலையகத்துக் கோப்பியோ 1869இல் வந்த இலைநோயில் விழத் தொடங்கி, 1880களிலேயே தேயிலைக்கு இடம் விட்டுவிட்டது. ஆக, இதை வாங்கியவர் தேயிலைத் துரைதான்.

மேற்கொண்டு பார்க்குமுன் ஒன்று. குழலுக்குக் கீழே ஓடும் குழாய்தான் இதன் ரவைக்கூடு. மேலே திறந்து பார்த்து அறை வெறுமை என்று நினைத்தாலும், சுருள்வில் துருவில் இறுகி, குழாய்க்குள் ரவை சிக்கி நிற்கலாம். அடுத்த முறை லீவரை அசைக்கும்போது அது வழுகி வந்துவிடும். பக்கவாட்டில் ரவை போடும் வாயின் மூடியைப் பென்சிலால் அழுத்தி, டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு, ஆயுதம் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தரிடம் விடுங்கள்.

வெறுமை என்று உறுதியான பிறகு துவக்கைக் கவிழ்த்துப் பிடியுங்கள். லீவருக்குப் பின்னால், சோங்குக்குள் (மரப்பிடிக்குள்) ஓடும் கீழ்நாக்கு என்ற இரும்புப் பட்டையில் தொடரிலக்கம் இருக்கும். இலக்கத்துக்குப் பின் ஏ, பி என்று எழுத்து வந்தால் அதைக் கண்டு மகிழ வேண்டாம், அது அருமைக்கு அடையாளமில்லை. உடலின் (குழலுக்குப் பின்னால் உள்ள இரும்புப் பெட்டியின்) அடியில் தெரியும் பித்தளைக் கட்டைதான் ரவையை மேலே தூக்குவது. அதில் ‘38’ அல்லது ‘32’ என்று ரவையின் அளவு வெட்டியிருக்கலாம். தொடக்கத்தில் 44 ஒன்றுதான் இருந்தது என்பதால் பழைய 44 துவக்குகளில் அளவே போடவில்லை. எழுத்து மங்கியிருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், அல்லது சோக்கட்டியைத் தடவி, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படம் பிடியுங்கள். ஆணி, கத்தி எதுவும் வேண்டாம்.

பிறகு மேலே நகரும் தூசு மூடியைப் பாருங்கள். முதல் தலைமுறையில் மூடி ஓட உடலிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். இரண்டாவதில் நடுத்தண்டு தனித் துண்டு, திருகாணி போட்டிருக்கும். மூன்றாவதில் அந்தத் தண்டு உடலோடு ஒன்றாகவே கடைந்தது. உங்கள் இலக்கத்துக்கு மூன்றாவதுதான் இருக்க வேண்டும். முதல் தலைமுறை மூடி இருந்தால் யாரோ பாகங்களைக் கலந்திருக்கிறார்கள்.

குழல் உடலோடு சேரும் இடத்தில் நீள்வட்டத்துக்குள் ‘டபிள்யூ’, ‘பி’ என்ற எழுத்துகள் உண்டா? அந்த முத்திரை 1905இல்தான் வந்தது. உடலில் இல்லாமல் குழலில் மட்டும் இருந்தால் குழல் பிறகு மாற்றப்பட்டது என்று சந்தேகிக்கலாம். கிரீடத்துக்குக் கீழே ‘வி’ அல்லது ‘ஜீ.பி.’ இருந்தால் துவக்கு, குழல்களின் உறுதியைச் சோதிக்கும் லண்டன் சோதனைச் சாலையைத் தாண்டி வந்தது. துரை சீமையில் வாங்கிக்கொண்டு வந்தார் என்பதற்கு நல்ல சாட்சி அதுதான்.

அருமையைப் பற்றி: எட்டுப்பட்டைக் குழல் சாதாரணம். 24 அங்குலத்தைவிட நீண்ட குழல், மெல்லத் தொட்டாலே இயங்கும்படி முன்கூட்டி ஏற்றிவைக்கும் விசை, தேயாத நீலப் பூச்சு ஆகியவைதான் மதிப்பை ஏற்றும். 22 அளவில் செய்தவை 20 ஆயிரத்துக்கும் குறைவு. ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று குழலில் பொறித்து வெளிவந்தவை 130 சொச்சம் மட்டுமே. அப்படிப் பொறிப்பு இருந்தால் முதலில் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொறிப்பது எளிது.

உறுதிக்கு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் அங்கே இருக்கின்றன. சில பக்கங்கள் இல்லை, ஆனால் இலக்கம் அகப்பட்டால் குழல் வகை, விசை வகை, களஞ்சியத்துக்கு வந்த நாள், அனுப்பிய நாள் ஆகியவற்றைக் கட்டணத்துக்கு எழுதித் தருவார்கள். வாங்கியவர் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். துரையின் பெயருக்குத் தோட்டத்துப் பழைய கடிதமோ, அவர் துவக்கோடு நிற்கும் படமோ வேண்டும். தாள் இல்லாத கதைக்கு வாங்குபவர் ஒரு சதமும் கூடுதலாகத் தரமாட்டார்.

கேள்வி: எங்களிடம் இருப்பதிலும் லீவர் உண்டு, ஆனால் ரவைக்குழாய் இல்லை. வலப்பக்கம் கிரீடம், ‘வி.ஆர்.’, ‘என்ஃபீல்ட்’, ஓர் ஆண்டு. இதுவும் வின்செஸ்டரா?
(வாசகி, பதுளை)

பதில்: இல்லை. அது மார்ட்டினி-ஹென்றி, 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட ஒற்றை ரவைத் துவக்கு. ஆண்டுக்குக் கீழே உள்ள ரோம எண் எந்த மார்க் (திருத்திய பதிப்பு) என்று சொல்லும். ‘எம்.ஈ.’யும் (மார்ட்டினி-என்ஃபீல்ட்) 303 என்ற ரவை அளவும் இருந்தால் பிறகு மாற்றிக் குழல் போட்டது. ‘வி.ஆர்.’ விக்டோரியா ராணிக்குரியது, ராணி 1901இல் காலமானார். அதற்குப் பிந்திய ஆண்டும் ‘வி.ஆர்.’உம் சேர்ந்திருந்தாலோ, ஆங்கில ‘என்’ எழுத்து திரும்பிக் கிடந்தாலோ அது பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைப் போலி. அதை ஒருநாளும் சுடக்கூடாது. அசலையும் பழைய ரவை போட்டுச் சோதிக்க வேண்டாம்.

கேள்வி: துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?
(வாசகர், நுவரெலியா)

பதில்: வேண்டவே வேண்டாம். எழுத்தின் ஓரம் மழுங்கிவிட்டால் பிறகு எந்த நிபுணராலும் வாசிக்க முடியாது, பாதி விலை அங்கேயே போய்விடும். பழுப்பேறிய இடத்தை அப்படியே விடுங்கள். செந்துரு தூளாக உதிரும் இடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, துணியால் துடையுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்கும் மூடுபனிக்கும் தோலுறையோ சாக்கோ ஆகாது, இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டிய அலுமாரிக்குள் காற்றுப் படும்படி வையுங்கள். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். அது ஆளுக்குத் தரப்படுவது, துவக்கோடு சேர்ந்து பிள்ளைகளுக்குக் கைமாறாது. பழசு என்பதற்காக 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் விட்டுவிடும் என்றும் எண்ணாதீர்கள்.