தோட்டப் பராமரிப்புத் தொழிலில் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டப் பராமரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். கையுறை, பூட்ஸ், கண்ணாடி எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒருவரும் ஒழுங்காக அணிவதில்லை. அபராதம் போடலாமா?
– நிறுவன உரிமையாளர், கோவை

பதில்: அபராதம் வேண்டாம். ஏன் அணிவதில்லை என்று அவர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதாகவே இருக்கும். மலிவான பிளாஸ்டிக் கண்ணாடியில் வியர்வை ஆவி படிந்து சிறிது நேரத்திலேயே பார்வை மறைந்துவிடுகிறது. கண் தெரியாமல் பிரஷ் கட்டரை (கையில் பிடித்துப் புல் வெட்டும் இயந்திரம்) ஓட்டுவதைவிடக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பதே மேல் என்று அந்த ஆள் நினைக்கிறார். காற்றோட்டத் துளைகள் உள்ள கண்ணாடியும், அதன்மேல் முகம் முழுவதையும் மறைக்கும் கம்பிவலைத் தடுப்பும் கொடுத்துப் பாருங்கள். கையுறையிலும் இதே கதைதான். போகன்வில்லா முள்ளுக்குத் தடித்த தோல் கையுறை வேண்டும். பூச்சிமருந்து கலக்க நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். எல்லா வேலைக்கும் ஒரே துணிக் கையுறையைக் கொடுத்தால், அது மருந்தை உறிஞ்சி, கையோடு ஒட்டியபடியே வைத்திருக்கும். வெறுங்கையாவது உடனே கழுவப்படும்.

ஆனால், உடலில் மாட்டுகிற கவசம் கடைசித் தடுப்புதான். அதற்கு முன்பே செய்ய வேண்டியவை உங்கள் கையில் இருக்கின்றன. பிரஷ் கட்டரை இயக்குவதற்கு முன்னால் புல்வெளி முழுவதும் ஒருமுறை நடந்து கல், கம்பித் துண்டு, பாட்டில் சில்லு ஆகியவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். இயந்திரம் ஓடும்போது 15 மீட்டர் தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. புல் சிக்குகிறது என்று சொல்லி வெட்டும் பகுதிக்கு மேலுள்ள காப்புத் தகட்டைக் கழற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தகடு இல்லாத இயந்திரம் உங்கள் கிடங்கைவிட்டு வெளியே போகவே கூடாது. சுற்றுச்சுவர் ஓரத்தில் உலோக பிளேடைப் பயன்படுத்தினால், அது சுவரில் பட்டு இயந்திரமே ஆளை நோக்கி எகிறும். அங்கு நைலான் நரம்புதான் சரி. நரம்பு தீர்ந்துவிட்டதென்று இரும்புக் கம்பியைக் கட்டி ஓட்டுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அறுந்து தெறிக்கும் துண்டு தோட்டாவுக்குச் சமம். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை நாள் முழுவதும் கேட்டால் செவித்திறன் குறையும். பெட்ரோல் பிரஷ் கட்டரின் ஓசை அந்த அளவைத் தாண்டியது. அதன் அதிர்வு நாளடைவில் விரல்களை மரத்துப்போகச் செய்யும். ஆகவே காதுக்கவசத்துடன், இருவர் மாறி மாறி ஓட்டுமாறு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் நான்கு குடியிருப்புகளை முடிக்கச் சொல்லி அனுப்பினால், கல் பொறுக்கவோ இயந்திரம் ஆறும்வரை காத்திருக்கவோ யாருக்கு நேரம் இருக்கும்? வேலை அட்டவணையை எழுதுபவர் நீங்கள். பாதுகாப்பின் பெரும்பகுதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால், உடனே ‘பலமான மருந்தாக’ அடிக்கச் சொல்கிறார்கள். தெளிப்பவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?
– மேற்பார்வையாளர், சென்னை

பதில்: முதலில் குடியிருப்போர் சங்கத்துக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். தொடக்க நிலை மாவுப்பூச்சிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, பாதித்த கிளையை வெட்டி அகற்றுவது, வேப்பெண்ணெயுடன் சோப்புக் கரைசல் தெளிப்பது ஆகியவையே பல நேரங்களில் போதும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் கடும் நஞ்சைத் தெளிக்க மாட்டோம் என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

மருந்து தவிர்க்க முடியாதது என்றால், டப்பாவின் மேலுள்ள முக்கோணத்தை ஒவ்வொரு தொழிலாளரும் அடையாளம் காண வேண்டும். இந்தியாவில் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் என்றால் கடும் நஞ்சு, நீலம் என்றால் நடுத்தர நஞ்சு, பச்சை என்றால் குறைந்த நஞ்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவரும் நிறத்தைப் படித்துவிடலாம். குடியிருப்புத் தோட்டங்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

நஞ்சு மூச்சு வழியாக மட்டுமே போகிறது என்று நினைத்து, பலர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். தெளிப்பவரின் உடலுக்குள் மருந்து போகும் முக்கியமான வழி தோல். முதுகில் மாட்டும் ஸ்பிரேயரின் மூடி வழியாகக் கசிந்து சட்டையின் பின்பக்கம் நனைந்து, அந்த ஈரச் சட்டையோடு மதியம் வரை வேலை செய்வது சாதாரணமாக நடக்கிறது. எனவே காலையில் வெறும் தண்ணீர் ஊற்றிக் கசிவைச் சோதித்த பிறகே மருந்தைக் கலக்க வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று தெளிக்க வேண்டும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. மெல்லிய தூரிகையும் மாற்று நாசிலும் பையில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அங்கேயே குளிக்க ஏற்பாடு வேண்டும். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு, குறிப்பாகக் கைக்குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

வியர்த்துக் கொட்டுதல், எச்சில் ஒழுகுதல், வாந்தி, கண்மணி சுருங்கிப் போதல், நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ‘வெயில் மயக்கம்’ என்று நிழலில் படுக்க வைத்துவிடாதீர்கள். உடைகளைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்தின் லேபிளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி நஞ்சுக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து இருக்கிறது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. அதைக் கிடங்கில் வைக்காதிருப்பதே நல்லது. எந்த மருந்தையும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைப்பவரை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். தாகத்தில் வந்து எடுத்துக் குடிப்பவருக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்?

கேள்வி: பெரிய அலுவலக வளாகத்தில் களை எடுக்கும் வேலை செய்கிறேன். கட்டடத்துக்குள் கழிப்பறைக்குப் போக எங்களுக்கு அனுமதியில்லை. அதனால் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. மதியத்துக்கு மேல் தலை சுற்றுகிறது.
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கொதித்தது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்தால் சிறுநீர்த் தொற்று வரும், நாளடைவில் சிறுநீரகமும் கெடும். நீங்கள் எழுதியிருக்கும் தலைச்சுற்றல் எச்சரிக்கை. இதற்கு நீங்கள் தனியாகப் போராட வேண்டியதில்லை. வளாக நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்ட உங்கள் நிறுவனமே கழிப்பறை, குடிநீர், நிழலான ஓய்விடம் மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். இதைப் படிக்கும் நிறுவனத்தார் அடுத்த ஒப்பந்தத்திலேயே இதை எழுதிச் சேருங்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கத்திரி வெயிலில் விடியற்காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் வெளிவேலையை முடித்துவிட்டு, மிச்சத்தை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினால் அது வெப்பவாதம். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: சருகு அள்ளும்போது பாம்பு கடித்தால் முதலுதவி என்ன?
– தோட்டக்காரர், தென்காசி

பதில்: கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலையோ கையையோ மட்டையில் வைத்து அசையாமல் கட்டி, கடிபட்டவரை நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் தரப்படுகிறது. ஆகவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. சருகில் கையை விடாமல் வாரியால் இழுத்து அள்ளுவதும், முழங்கால் வரை உயர்ந்த பூட்ஸ் போடுவதும் கடியைப் பெருமளவு தவிர்க்கும்.

கேள்வி: எங்களிடம் பாதிப்பேர் நாள்கூலி ஆட்கள். அவர்களுக்கும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா?
– கணக்காளர், மதுரை

பதில்: உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுபவர் நாள்கூலியாக இருந்தாலும் அதில் வருவார். ஊதியத்தில் நிறுவனம் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்த வேண்டும். விபத்து நடந்த பிறகு பெயரைச் சேர்க்க ஓடுவதால் பயனில்லை. புதிய ஆள் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் நாளிலேயே பதிவு முடிந்திருக்கட்டும்.