சாக்பீஸ் கோடு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

டொரொண்டோ நகரின் ஸ்கார்பரோவில் பதினான்கு ஆண்டுகளாக கராஜ் கதவுகள் பொருத்தும் வேலை செய்கிறேன். தொழில் கற்றுத்தந்த இருவர் இந்த ஆண்டு அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். ஒருவர் போர்த்துக்கீசர், மற்றவர் யாழ்ப்பாணத்து அண்ணர். நினைவுக்கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் "கடின உழைப்பாளி, நல்ல மனிதர்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. அவர்கள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை, கதவு பொருத்தினார்கள். போர்த்துக்கீசர் ஸ்பிரிங்கை முறுக்கும் முன் அதன் மேல் சாக்பீஸால் கோடு போடுவார். அண்ணர் "தம்பி, நேரே நிற்காதே, ஒதுங்கி நில்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். இதையெல்லாம் மேடையில் சொல்ல முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

முடியும். அதை மட்டும் சொன்னாலே போதும்.

1921இல் சி. ஜி. ஜான்சன் மேலே ஏறும் கதவைக் கண்டுபிடித்தார், 1926இல் அதை மின்சாரத்தில் திறக்கவைத்தார் என்று தொடங்க ஆசை வரும். வேண்டாம். ஜான்சனை நினைவில் வைத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆசான்கள் இருவருக்கும் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

சாக்பீஸ் கோட்டிலிருந்து தொடங்குங்கள். அரங்கில் இருப்பவர்களில் பலர் காருக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறவர்கள். கதவின் எடையைத் தாங்குவது மோட்டார் அல்ல, தலைக்கு மேல் முறுக்கேறி நிற்கும் ஸ்பிரிங் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏழடிக் கதவுக்கு ஏழரைச் சுற்று, அதாவது முப்பது கால்சுற்று. இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, ஒன்று தாங்கும்போது மற்றொன்றை எடுத்து, கையாலேயே முறுக்க வேண்டும். கம்பி நழுவினால் விரல் போகும், முகம் போகும். நேராகப் போட்ட கோடு முறுக்க முறுக்க ஸ்பிரிங்கைச் சுற்றிக் கொடிபோல ஏறும். வளையங்களை எண்ணினால் எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை மறந்தாலும் இரும்பு சொல்லிவிடும். அந்த மனிதர் தன் நினைவை நம்பாமல் கோட்டை நம்பினார். நல்ல மனிதர் என்று நீங்கள் சொல்ல வந்தது இதைத்தான்.

அண்ணரின் சொல்லுக்கு விளக்கமே தேவையில்லை. அவர் எப்படிச் சொன்னாரோ, அதே சொற்களில் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துங்கள். உங்கள் கைகள் பத்து விரல்களோடு இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

எனக்கு இதில் ஒரு பழைய வருத்தம் உண்டு. என் பெரியப்பா கோயம்புத்தூரில் கடைகளுக்கு ரோலிங் ஷட்டர் பொருத்தியவர். பொருத்தி முடித்ததும் ஷட்டரை இடுப்பு உயரத்தில் நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் எடுத்துவிடுவார். விட்ட இடத்திலேயே நின்றால்தான் கூலி வாங்குவார். ஒரு விரற்கடை இறங்கினாலும், கடைக்காரர் போதும் என்று சொன்னாலும், மறுபடியும் ஏணியில் ஏறுவார். கதவைப் பாதியில் நிறுத்திக் கையை எடுத்துப் பார்க்கும் இதே சோதனை உங்கள் தொழிலிலும் உண்டு அல்லவா? அவர் இறந்தபோது நினைவஞ்சலி எழுதும் வேலை எனக்கு வந்தது. பாசமிகு, பண்புமிகு என்று எழுதிக் கொடுத்தேன். அது யாருக்கும் பொருந்தும். கைகளை எடுத்துவிட்டு ஷட்டரையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதர் அதில் ஒரு வரிகூட இல்லை. அன்று அது எழுதத் தகுந்த செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது.

இன்னொன்று. சாதாரண ஸ்பிரிங் பத்தாயிரம் முறை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுகிறது. நாளைக்கு நான்கு முறை என்றால் ஏறக்குறைய ஏழு ஆண்டு. போர்த்துக்கீசர் கடைசியாகக் கோடு போட்ட ஸ்பிரிங் ஸ்கார்பரோவில் ஏதோ ஒரு வீட்டில் இப்போதும் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கும். அது எந்தத் தெரு என்று உங்களுக்கு நினைவிருந்தால், கூட்டத்தில் அந்தத் தெருவின் பெயரைச் சொல்லுங்கள்.