49710 நாள் கணக்கு

கேள்வி: வெள்ளவத்தையில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். பில், கணக்கு எல்லாம் பழைய உபுண்டு லினக்ஸில். மகனின் விளையாட்டுக்காக அதே மெஷினில் விண்டோஸும் உண்டு. போன சனிக்கிழமை அவன் விளையாடி முடித்தபின் லினக்ஸைப் போட்டேன். டிஸ்க் செக் என்று பத்து நிமிடம் ஓடியது. ஒரு மணித்தியாலத்தில் ரீஸ்டார்ட் பண்ணினால், ‘49710 நாட்களாகப் பரிசோதிக்கவில்லை’ என்று மறுபடியும் ஓடுகிறது! அவ்வளவு நாள் நானே உயிரோடு இல்லையே ஐயா. கடைக்காரர் ஹார்ட் டிஸ்கை மாற்றச் சொல்கிறார். மாற்றவா?
— அச்சக உரிமையாளர், வெள்ளவத்தை

பதில்: காசை வெளியே எடுக்காதீர்கள். 49710 நாள் என்றால் 136 வருஷம், விக்டோரியா மகாராணி காலம். இதே வரியைப் பார்த்து நானும் ஒருமுறை விடிய விடிய ஃபைல்களை சீடியில் ஏற்றியிருக்கிறேன்.

முதல் செக் வழமையானது. எக்ஸ்ட்3 (பழைய லினக்ஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) உள்ள டிஸ்க் ஏறத்தாழ 30 தடவை தொடங்கினாலோ 180 நாள் கடந்தாலோ, எது முந்துகிறதோ அப்போது தானாகப் பரிசோதிக்கும்.

கோளாறு இரண்டாவதில். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் கொழும்பு நேரத்தை எழுதும். உங்கள் லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரம் என்று நம்பும். அதனால் முதல் செக் ஐந்தரை மணித்தியாலம் தள்ளிய எதிர்கால நேரத்தோடு பதிவானது. பிறகு இன்டர்நெட் நேரத்தைச் சரிசெய்ய, ரீஸ்டார்ட் ஆகும்போது அந்தச் சரியான நேரம் மதர்போர்டுக்கும் போனது. மறுபடி தொடங்கினால் ‘கடைசி செக்’ இனிமேல்தான் நடக்கப்போகிறது! கழித்தால் மைனஸ் வரும்; பழைய நிரலுக்கு மைனஸ் தெரியாது. பூச்சியத்துக்குப் பின்னால் சுழற்றிய மீட்டர் 9999 காட்டுவதுபோல 32 பிட்டில் எழுதக்கூடிய வினாடிக் கணக்கின் உச்சிக்குப் போய்விட்டது. அதுதான் 49710 நாள்.

சரிசெய்ய: லினக்ஸில் ‘ஈடிசி’ ஃபோல்டருக்குள் ‘டிஃபோல்ட்’, அதற்குள் ‘ஆர்சிஎஸ்’ என்ற ஃபைல். அதில் யூடிசி (கிரீன்விச் நேரம்) என்ற வரியில் ‘யெஸ்’ஸை ‘நோ’ ஆக்குங்கள்; லினக்ஸும் அந்தக் கடிகாரத்தைக் கொழும்பு நேரமாகவே வாசிக்கும்.

செக்கையே நிறுத்தும் கட்டளையும் உண்டு. உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்: கரண்ட் போய்ப்போய் வரும் இடம், கணக்கு ஃபைல்கள். 2011க்குப் பிறகு வந்த லினக்ஸில் ஃபோர்மட் செய்த டிஸ்குகளில் இந்த வழமைச் செக் பெரும்பாலும் இல்லை, அது வேறு கதை.

ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே சாகிறதா என்று ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் வசதி) பரிசோதனை ஓரளவு காட்டும். கடைக்காரர் அதை ஓட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.