சித்தப்பா இறந்தால் விடுப்பு கிடையாதா?

கேள்வி: பெர்த் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் குழுவில் உள்ள நூங்கார் பூர்வகுடிப் பெண் இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக இழவுக்கு விடுப்பு கேட்கிறார். இப்போது இறந்தவர் அவருடைய சித்தப்பா. ஊர் எஸ்பரன்ஸ். “நெருங்கிய உறவு இல்லையே” என்கிறது ஹெச்.ஆர். சக ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஹெச்.ஆர். சொல்வது சட்டப்படி சரி. ஆஸ்திரேலியாவின் வேலைச் சட்டமான ஃபேர் வொர்க் சட்டம் (2009) ஓர் இறப்புக்கு 2 நாள் விடுப்பு தருகிறது. ஆனால் அதன் உறவுப் பட்டியலில் சித்தப்பா இல்லை. அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உங்கள் துறைக்கான அவார்டை, அதாவது சம்பளம், விடுப்பு போன்றவற்றுக்கான சட்டப்பூர்வ விதித்தொகுப்பை, புரட்டிப் பாருங்கள். பூர்வகுடிச் சடங்குகளுக்காக, நிர்வாகத்தின் ஒப்புதலோடு, ஆண்டுக்கு 10 வேலைநாள் வரை சம்பளமில்லா விடுப்பு அதில் உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை.

பல பூர்வகுடிச் சமூகங்களில் அப்பாவின் தம்பியும் அப்பாதான். அவர் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். பெரியப்பா மகனை அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ‘மூன்றாவது முறை’ என்பதையும் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 8 ஆண்டு குறைவு. உறவு வட்டமும் பெரிது. இழவுகள் அடுத்தடுத்து வரத்தான் செய்யும். எஸ்பரன்ஸுக்குக் காரில் சுமார் 700 கிலோமீட்டர். போக வரவே 2 நாள் போய்விடும். ‘சாரி பிசினஸ்’ எனப்படும் அந்தத் துக்க காலம் அடக்கத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை.

ஆதாரம் வேண்டுமென்றால் இறுதிச்சடங்கு அறிவிப்போ சமூக அமைப்பின் கடிதமோ போதும். இறப்புச் சான்றிதழ் கேட்டு நிற்காதீர்கள். அவர் திரும்பி வந்ததும் இறந்தவரின் பெயரை நீங்களாகச் சொல்லாதீர்கள். சில காலம் பெயரை உச்சரிக்காத வழக்கம் பல குடும்பங்களில் உண்டு.

முணுமுணுப்பை அடக்குவது உங்கள் வேலை. அவருடைய குடும்ப விவரங்களை மற்றவர்களுக்கு விளக்கப் போகாதீர்கள். ரோஸ்டரில் மாற்று ஆளைப் போட்டுவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

இன்னொன்று: ஜூலையில் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம் வரும்போது கொண்டாட்டப் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். அவராக விரும்பிச் செய்தால், அதைப் பணிநேரமாகக் கணக்கிடுங்கள்.

ஒருவர் தன் பண்பாடு மதிக்கப்படுகிறது என்று பயமின்றி உணர்வதே ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’. அந்தக் கருத்தை வளர்த்தெடுத்த நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டென், பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் சேவையைப் பெறுபவரே என்றார். வேலையிடத்துக்கும் அதே அளவுகோல்தான். ஆகவே விடுப்புக் கொள்கையை மாற்றச் சொல்லி ஹெச்.ஆருக்கு எழுதும் முன், உங்கள் குழுப் பெண் ஊரிலிருந்து திரும்பி நிதானப்பட்ட பிறகு, என்ன மாற்றம் வேண்டும் என்று தனியாக அவரிடமே கேளுங்கள்.